கரண்ட் போனால் வீட்டுக்குள் கொள்ளிடம்!
(மீன் தொட்டி சொல்லித் தந்த ஹைட்ராலிக்ஸ்)



"சைபன் என்றால் என்ன?" என்று கேள்வித்தாளில் வந்தால் நம்மில் யாரும் விட மாட்டோம். "உயரமான இடத்தில் உள்ள திரவத்தை, இடையில் உள்ள ஒரு மேட்டைத் தாண்டித் தாழ்வான இடத்துக்குக் கொண்டு செல்லும் வளைந்த குழாய்" என்று எழுதி, பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி ஒரு படமும் போட்டு, இரண்டு மார்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் அந்த இரண்டு மார்க்குக்கு உண்மையான அர்த்தம் என்ன என்பது கே.கே. நகரில் எங்கள் வீட்டு ஹாலில், ஒரு விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மீன் வளர்க்காதவர்களும் கடைசி வரை படியுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

நடந்தது என்ன?

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா. எனக்கு மீன் பைத்தியம். பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். சும்மா வைத்தால் போதாதா? மெக்கானிக்கல் படிக்கிற கை சும்மா இருக்குமா! ஸ்டாண்டுக்கு அடியில் 75 × 35 × 40 செ.மீ. அளவில் இன்னொரு கண்ணாடித் தொட்டியைச் 'சம்ப்'பாக வைத்தேன். மேல்தொட்டியில் தண்ணீர் ஒரு விளிம்பைத் தாண்டி வழிந்து, குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். அங்கே பஞ்சிலும் கல்லிலும் வடிகட்டி, ஒரு சின்ன சப்மெர்சிபிள் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். மேலேற்றும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் 12 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி வைத்தேன். சத்தம் கேட்காது, நீரோட்டமும் நன்றாக இருக்கும் என்பது என் கணக்கு.

மூன்று வாரம் ஜோராக ஓடியது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் 'லெக்சர்' கொடுத்தேன். ஒருநாள் நடுராத்திரி கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. எல்லோரும் தூக்கத்தில் இருந்தோம்.

ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க எழுந்த அம்மா, இருட்டில் ஹாலைக் கடந்தபோது காலடியில் தண்ணீர். அடுத்த அடி வைத்ததும் உள்ளங்காலில் சுர்ரென்று இழுத்திருக்கிறது. "ஐயோ" என்று அலறிப் பின்னால் சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், நான் தரையில் போட்டு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தண்ணீரில் நனைந்து கிடக்கிறது.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுவதும் கை நடுக்கம் நிற்கவில்லை. அவர்களுக்கும், எனக்கும்.

கீழ்வீட்டு அம்மா ஏழு மணிக்கு மேலே வந்தார்கள். "ஏம்ப்பா, எங்க சீலிங்குல சொட்டுது. பாத்ரூம் குழாயை மூடாம விட்டுட்டீங்களா?" என்றார்கள். நான் பதில் சொல்லும் முன் அப்பா முந்திக்கொண்டார். "இல்லீங்கம்மா, எங்க வீட்டு இன்ஜினியர் ஹால்லயே கொள்ளிடத்தைத் திறந்து விட்டுட்டாரு."

மீன்களோ எதுவுமே நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. மேல்தொட்டியில் மட்டம் சரியாக இருந்தது. தொட்டியில் விரிசல் இல்லை, இணைப்புகளில் ஒழுகல் இல்லை. சம்பில் மட்டும் வழக்கமாக 25 செ.மீ. நிற்கும் தண்ணீர் 15 செ.மீ.க்கு இறங்கியிருந்தது. காணாமல் போன அந்தப் பத்து செ.மீ.தான் எனக்குக் கிடைத்த ஒரே தடயம்.

குற்றவாளி யார்?

பம்ப் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்தேன். தவறு! இந்தப் பம்ப் சென்ட்ரிஃப்யூகல் வகை. உள்ளே இருக்கும் இம்பெல்லர் வாசலை அடைக்கும் கதவு அல்ல. சுற்றிலும் இடைவெளி உள்ள ஒரு சின்னச் சக்கரம். கரண்ட் இருந்தால் தண்ணீரை மேலே தள்ளும். கரண்ட் இல்லாவிட்டால் எதிர்த் திசையில் வருகிற தண்ணீருக்கு வழி விட்டு நிற்கும்.

இப்போது குழாயைப் பாருங்கள். ஒரு வாய் மேல்தொட்டித் தண்ணீருக்குள். நடுப்பகுதி தொட்டி விளிம்பைத் தாண்டி வளைகிறது. மறுவாய் கீழே சம்புக்குள். குழாய் முழுவதும் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. நாம் பரீட்சையில் போட்ட அதே படம்! பம்ப் நின்ற நொடியில் அது சைபன் ஆகிவிடுகிறது. இரண்டு நீர்மட்டங்களுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அதை ஓட்டும் சக்தி. வளைவில் நீர்த்தூண் அறுந்துபோகாமல் பிடித்து வைப்பது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 10.3 மீட்டர் நீர்த்தூணைத் தாங்கும். நம் தொட்டி விளிம்போ சில செ.மீ. மேடுதான். அதைத் தாண்டுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்த ஓட்டம் எப்போது நிற்கும்? குழாய்க்குள் காற்று புகுந்தால்தான் நிற்கும். அதாவது மேல்தொட்டி மட்டம் இறங்கி இறங்கிக் குழாயின் வாய் வெளியே தெரியும் வரை தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கும். நான் வாயை வைத்ததோ 12 செ.மீ. ஆழத்தில்!

கணக்கு பேசட்டும்

லிட்டரில் கொள்ளளவு = நீளம் × அகலம் × உயரம் (எல்லாம் செ.மீ.யில்) ÷ 1000.

மேல்தொட்டியில் 1 செ.மீ. தண்ணீர் = 120 × 45 × 1 ÷ 1000 = 5.4 லிட்டர்.
12 செ.மீ. இறங்கினால் = 64.8 லிட்டர்.
மேலேற்றும் குழாய்க்குள் நின்ற தண்ணீர் (25 மி.மீ. விட்டம், ஒன்றரை மீட்டர் நீளம்) = சுமார் 0.7 லிட்டர்.
ஆக, கீழே வந்தது = 65.5 லிட்டர்.

சம்பில் 1 செ.மீ. = 75 × 35 × 1 ÷ 1000 = 2.625 லிட்டர்.
ஓடும்போது மட்டம் 25 செ.மீ.; சம்பின் உயரம் 40. காலி இடம் 15 செ.மீ. = சுமார் 39.4 லிட்டர்.

65.5 வருகிறது, 39.4க்குத்தான் இடம். மீதி சுமார் 26 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம், தரைக்கு வந்தது. கரண்ட் திரும்பியதும் பம்ப் மேல்தொட்டியை மறுபடி நிரப்பிவிட்டது. நஷ்டம் முழுவதும் சம்பின் கணக்கில் விழுந்தது. 26ஐ 2.625ஆல் வகுத்துப் பாருங்கள். பத்து செ.மீ. வருகிறதா? தடயமும் கணக்கும் ஒத்துப்போன அந்த நிமிஷத்தில், இது விதியின் விளையாட்டு அல்ல, என் டிசைன் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். குழாயை அடிவரை, அதாவது 40 செ.மீ. ஆழத்துக்கு விட்டிருந்தால் 216 லிட்டர் இறங்கியிருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அணையில் இருக்கிற ஓட்டை

இதற்கு மருந்து நம் ஹைட்ராலிக்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. அணைகளில் 'சைபன் ஸ்பில்வே' என்று படிக்கிறோம். நீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் ஏறினால், கதவு திறக்க ஆள் இல்லாமலே சைபன் பிடித்து உபரி நீரை வெளியேற்றும். கர்நாடகத்தில் ஷிம்ஷா ஆற்றின் மேல் உள்ள மார்க்கோனஹள்ளி அணையில் மைசூர்ப் பொறியாளர் கணேச ஐயரின் 'வால்யூட் சைபன்' இருக்கிறது. சரி, பிடித்த சைபன் அணையையே காலி செய்துவிடாதா? செய்யாது. சேடில் சைபனில் முழுக் கொள்ளளவு மட்டத்தில் ஒரு காற்றுவழி வைத்திருப்பார்கள். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து சைபனை உடைத்துவிடும்.

அவ்வளவு பெரிய அணைக்கே அந்த ஓட்டைதான் காவல். என் மீன் தொட்டிக்கு மட்டும் ஏன் கூடாது?

நான் செய்த மாற்றங்கள்

ஒன்று: குழாயின் வாயை உயர்த்தினேன். 12 செ.மீ. ஆழத்தில் இருந்ததை 3 செ.மீ. ஆழத்துக்குக் கொண்டுவந்தேன். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இது ஒன்றே பாதி வியாதியைத் தீர்க்கும்.

இரண்டு: காற்று ஓட்டை. தொட்டிக்குள் இறங்கும் குழாயில், ஓடும் மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே, 5 மி.மீ. அளவில் இரண்டு ஓட்டை போட்டேன். பம்ப் ஓடும்போது அதில் கொஞ்சம் தண்ணீர் பீச்சும். அதனால் ஓட்டை தண்ணீருக்குள்ளேயே, தொட்டியின் உட்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். கரண்ட் போனால் 1 செ.மீ. இறங்கியதும் காற்று புகுந்து சைபன் உடைந்துவிடும். ஏன் இரண்டு? பாசி ஒன்றை அடைத்தால் இன்னொன்று உதவும். மாதம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும்.

மூன்று: மோசமான நிலைக்குக் கணக்கு. இரண்டு ஓட்டையும் அடைத்துக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். 3 செ.மீ. × 5.4 = 16.2 லிட்டர், குழாய்த் தண்ணீரும் சேர்த்தால் சுமார் 17 லிட்டர். சம்பில் ஆறரை செ.மீ. ஏறும். காலி இடம் 15 செ.மீ. இருக்கிறது, தாங்கும். "எல்லாம் சரியாக வேலை செய்தால்" என்று கணக்குப் போடக்கூடாது. "எதுவுமே வேலை செய்யாவிட்டால்" என்று போட வேண்டும். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று வகுப்பில் சொல்வது இதைத்தான்.

"நான் ரிடர்ன் வால்வு ஒன்று போட்டால் போதுமே?" என்று வகுப்பு நண்பன் கேட்டான். போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வில் ஒரு சின்னக் கல்லோ சருகோ மாட்டினால் தண்ணீர் இறங்கிப்போய், மறுநாள் காலையில் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் வெறும் சத்தம் போடுவதை நாம் பார்த்ததில்லையா? மீன் தொட்டியில் பாசி, நத்தை, மணல் எல்லாமே உண்டு. நகரும் உறுப்பு என்றைக்காவது மாட்டிக்கொள்ளும். ஓட்டையில் நகரும் உறுப்பே கிடையாது, செலவும் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது

கரண்ட் போனால் சம்ப் வழியும். கரண்ட் இருக்கும்போதே மேல்தொட்டி வழியும் ஆபத்து ஒன்று உண்டு. இறங்கும் குழாயின் வாயில் ஒரு இலையோ செத்த மீனோ மாட்டிக்கொண்டால்? பம்புக்கு அது தெரியாது. சம்பில் இருப்பதையெல்லாம் மேலே தூக்கிக்கொண்டே இருக்கும்.

மேல்தொட்டியில் ஓடும் மட்டத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையே எனக்கு 3 செ.மீ. இருந்தது. அதாவது 16.2 லிட்டருக்குத்தான் இடம். பம்ப் 10 செ.மீ. மட்டம் வரை இழுக்கும் என்றால், சம்பிலிருந்து 39 லிட்டருக்கு மேல் ஏற்றிவிடும். அப்போதும் ஹாலில் வெள்ளம்தான்!

இதற்கு வழி தடுப்புக் கண்ணாடி. சம்பின் ஒரு ஓரத்தில் 25 செ.மீ. நீளத்துக்குத் தனி அறை பிரித்து, பம்பை அதற்குள் வைத்தேன். இப்போது பம்புக்குக் கிடைப்பது 25 × 35 × 15 ÷ 1000 = சுமார் 13 லிட்டர் மட்டுமே. 16.2க்குள் அடங்கிவிடும். இறங்கும் வழி முழுவதும் அடைபட்டாலும் மேல்தொட்டி வழியாது. ஆனால் பம்ப் தண்ணீர் இல்லாமல் வெறுமையாக ஓடிக் கெட்டுப்போகலாம். அதனால் இறங்கும் வாயில் சீப்பு மாதிரித் தடுப்பு வைத்து, தினமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். முடிந்தால் சற்று மேலே இரண்டாவது இறங்குகுழாய் ஒன்று வைப்பது உத்தமம்.

திருச்சிக்காரர்களுக்கு இந்த இரண்டாவது வழியைப் பற்றி விளக்கம் தேவையா? முக்கொம்பில் காவிரி பிரிகிறது. வெள்ளம் வந்தால் உபரி கொள்ளிடத்துக்குப் போகிறது. நடுவிலே ஸ்ரீரங்கம் தீவாக நிற்கிறது. ஆர்தர் காட்டன் 1836-இல் அங்கே மேலணை கட்டத் தொடங்கியது இந்தப் பங்கீட்டுக்காகத்தான். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தின்போது கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்ததை நாமெல்லாம் அறிவோம். ஏரிக்குக் கலிங்கு வைக்காமல் நம் முன்னோர் கரை கட்டியதில்லை. தண்ணீரைத் தேக்குகிறவன், அது மிஞ்சினால் எங்கே போகும் என்பதையும் அப்போதே யோசித்தாக வேண்டும்.

மின்சாரம்: இதில் சமாதானமே கிடையாது

என் முதல் தப்பு குழாயில். பெரிய தப்பு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். அதைத் தரையில் வைத்தது மன்னிக்க முடியாதது. இப்போது அது சுவரில், சம்பின் விளிம்பைவிட உயரமாக, தொட்டிக்கு நேர் கீழே இல்லாமல் இருக்கிறது. பம்பின் வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டிருக்கிறேன். வயர் வழியே வழியும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் ஒன்று எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டோம். ஃபியூஸும் சாதாரண எம்.சி.பி.யும் காப்பாற்றுவது வயரை. மனுஷனைக் காப்பாற்றுவது இதுதான். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

சம்ப் இல்லாமல் வெறும் ஏர் பம்ப் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். ஏர் பம்பைத் தொட்டி மட்டத்துக்குக் கீழே வைத்தால், கரண்ட் போனதும் காற்றுக் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வந்து பம்புக்குள்ளேயே இறங்கலாம். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். குழாயில் சின்ன நான் ரிடர்ன் வால்வும் போடுங்கள்.

குடிநீர்க் குழாயிலும் இதே பூதம்

இனி, மீன் வளர்க்காதவர்களுக்கு. நம் ஊர்க் குழாயில் வருவது காவிரி, கொள்ளிடப் படுகைகளில் உள்ள சேகரிப்புக் கிணறுகளின் நீர். வரும் நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? குழாயில் ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை வாளிக்குள்ளோ, தொட்டிக்குள்ளோ, கழுவுகிற பாத்திரத்துக்குள்ளோ முக்கிப் போடுகிறோம். அந்த நேரம் மெயின் லைனில் அழுத்தம் குறைந்தால், அல்லது பக்கத்து வீட்டில் லைனிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சினால், வாளித் தண்ணீர் ஹோஸ் வழியாகப் பின்னோக்கிக் குடிநீர் லைனுக்குள் போகும். பெயர் அதே பேக் சைபன்தான். நானே எத்தனை தடவை மீன் தொட்டிக்குள் ஹோஸை முக்கித் தண்ணீர் பிடித்திருக்கிறேன்! தெருவுக்கே மீன் தண்ணீர் கொடுக்க வழி செய்திருக்கிறேன்.

1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த சமயம், ஹோட்டல்களின் பழுதான குழாய் அமைப்பால் கழிவுநீர் குடிநீரில் கலந்து அமீபா வயிற்றுக்கடுப்பு பரவியது. 98 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு குழாய் வேலை உலகம் இந்த விஷயத்தை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கியது. மருந்து சுலபமானது: 'ஏர் கேப்'. குழாயின் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் இடையே, குழாய் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். காற்றைத் தாண்டி எந்தச் சைபனும் இழுக்காது. ஹோஸை முக்காதீர்கள், மேலே பிடித்து விடுங்கள்.

செய்து பார்த்துவிடுங்கள்

1. பம்ப் ஓடும்போது இரண்டு தொட்டியிலும் மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள்.
2. நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். ஓட்டம் அடங்கும் வரை பொறுங்கள். சம்பில் ஏறிய மட்டத்தைக் குறியுங்கள்.
3. தண்ணீரை ஏற்றிவிட்டு, காற்று ஓட்டைகளை டேப்பால் ஒட்டி மறுபடி செய்யுங்கள். இப்போதும் சம்ப் வழியக்கூடாது.
4. டேப்பை மறக்காமல் எடுங்கள்!
5. பம்பை ஓட விட்டு, இறங்கும் வாயைத் துணியால் அடைத்துப் பாருங்கள். மேல்தொட்டி வழியக்கூடாது. பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்.
6. சம்பில் 'இதற்கு மேல் ஊற்றாதே' என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஆவியாகக் குறையும். வீட்டில் யாராவது நல்ல மனசோடு ஒரு குடம் சேர்த்து ஊற்றிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இந்தச் சோதனை நடக்கிறது. பிளக்கைப் பிடுங்குவது அம்மா. அன்றைக்குப் பிறகு ஒரு மாசம் வரை ஹாலைச் சுற்றிக்கொண்டு சமையலறை வழியாகப் போனவர்கள், இப்போது ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சம்பைப் பார்த்து, "நின்னுடுச்சுடா, கோட்டுக்குக் கீழதான் இருக்கு" என்று சொல்கிறார்கள். எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் போட்ட மார்க்கைவிட அதுதான் எனக்குப் பெரிசு.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாளை நாம் பம்ப் ஹவுஸுக்கும் பாய்லருக்கும் போகப்போகிறோம். அங்கே கரண்ட் போனால் 26 லிட்டரோடு நிற்காது. ஓடும்போது எப்படி வேலை செய்யும் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நின்றால் என்ன ஆகும் என்று கேட்கிற ஆளாக நாம் இருப்போம்.